பழைய கிட்டைப் பரணிலேயே விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்குப் பட்டியலில் பிளாஸ்டிக் விமான மாடல் கட்டுவதும் இடம்பெறுகிறது. மகிழ்ச்சி. ஆனால் "நல்ல கிட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்" என்பதோடு ஆலோசனை முடிந்துவிடுகிறது. வெளிநாட்டில் வேலை பார்த்த மாமாவோ தாத்தாவோ எப்போதோ வாங்கி வந்து, பிரிக்காமலே விட்ட கிட்டுகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. திறந்து பார்த்தால் இறக்கை வளைந்திருக்கும், ஓரமெல்லாம் பிசிறு, ஒட்டுப்படம் மஞ்சள் பூத்திருக்கும். "இது தேறாது" என்று பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். தேறும். பொறுமையும், மளிகைக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற நாலைந்து பொருள்களும் போதும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கிட்டை எடுத்துக்கொள்வது நல்லது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960-இல் வெளியிட்ட போல்டன் பால் டிஃபையன்ட் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் கிட், 1/72 அளவு. அதே நிறுவனம் 2015-இல் புதிய அச்சில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அது அருமையான கிட், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. பழையதை எடுத்துக்கொள்ள நமக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களும் (படைப்பிரிவுகளும்) 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கியவை. இரண்டாம் உலகப் போருக்கு இங்கிருந்து போன நன்கொடையின் அடையாளம் அது. 1940-இல் 79 பறந்தது ஹரிக்கேனில், 234 பறந்தது ஸ்பிட்ஃபயரில். 264-க்குக் கிடைத்தது டிஃபையன்ட். அந்த விமானத்தைப் பெற்ற முதல் ஸ்குவாட்ரனே அதுதான். அந்த உடலில் 264-இன் அடையாளமான 'பி.எஸ்.' என்ற எழுத்துகளை ஒட்டும்போது நம் ஊர்ப் பெயர் தாங்கிய படையின் விமானத்தைக் கட்டுகிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

விமானத்தைத் தெரிந்துகொண்டு கட்டினால்தான் கிட்டில் எது தவறு என்று தெரியும். டிஃபையன்ட் முதலில் பறந்தது 1937 ஆகஸ்ட் 11. ஒற்றை மெர்லின் எஞ்சின், இரண்டு பேர். விமானிக்கு முன்னால் நோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது; ஆயுதம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால், நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள் கொண்ட சுழலும் கூண்டில். 1940 மே 29 அன்று பிரான்ஸ் கடற்கரையின் டன்கர்க் வானில் 264-ஆம் ஸ்குவாட்ரன் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு. ஒரே விமானத்தைப் பல கூண்டுகள் சேர்ந்து சுட்டால் கணக்கு ஏறத்தான் செய்யும். ஆகஸ்ட் முடிவதற்குள் பெரும் இழப்போடு பகல் சண்டையிலிருந்து விலக்கப்பட்டு இரவுச் சண்டைக்கு மாறியது.

இனி கிட். பெட்டியைத் திறந்ததும் பசையைத் தொடாதீர்கள். முதலில் ஸ்கேலை எடுங்கள். அசல் விமானத்தின் இறக்கை விரிவு 11.99 மீட்டர், நீளம் 10.77 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 166.5 மி.மீ., 149.6 மி.மீ. கிட்டின் பாகங்களைப் பசையில்லாமல் டேப் ஒட்டிச் சேர்த்து இந்த அளவோடு ஒப்பிடுங்கள். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் 72 மில்லிமீட்டர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக உடலை அறுத்து ஒட்டப் போகாதீர்கள். அந்த உழைப்பைக் கூண்டிலும் கண்ணாடியிலும் செலவிட்டால் பலன் பத்து மடங்கு.

அடுத்து எல்லாப் பாகங்களையும் அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் ஜெல் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதில் கழல எண்ணெய்ப்பசை போன்ற ஒன்றைத் தடவுவார்கள். அது ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது, பின்னால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது தோலாகக் கழன்று வரும். பரண் சூட்டில் வளைந்த இறக்கையை இப்போதே நிமிர்த்திவிடலாம். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரியில் முழுசாக இளகும். நமக்கு அவ்வளவு வேண்டாம். 70, 75 டிகிரி நீரில் அரை நிமிடம் வைத்து, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்துப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே முறையில் சரியாகாது, மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். கொதிநீரில் போட்டால் இறக்கை அப்பளம்போல் நெளிந்துவிடும்.

பிசிறு ஏன் வருகிறது என்றால், பல்லாயிரம் முறை அழுத்திய இரும்பு அச்சின் விளிம்பு தேய்ந்து, இரண்டு பாதிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கசிகிறது. அதை வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, கேரட் தோல் சீவுவதுபோல் இழுங்கள். சட்டத்திலிருந்து சிறிய பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்த்தால் பாகத்தின் சதையும் சேர்ந்து வந்துவிடும். நகவெட்டியால் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளில் தேயுங்கள்.

இந்தக் கிட்டின் பெரிய குறை ஆணித்தலைகள். அந்தக் காலத்து அச்சுச் செதுக்குபவர்கள் இறக்கை முழுக்கப் புள்ளி புள்ளியாக ரிவெட் வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் புள்ளி அசலில் 36 மில்லிமீட்டர். விமானத்தின் மேல் எலுமிச்சம்பழங்களை வரிசையாகப் பதித்ததுபோல் இருக்கும். டிஃபையன்டுக்கு இது இன்னும் பொருந்தாது. போல்டன் பால் நிறுவனம் உலோகத் தகட்டைத் தட்டையாக இருக்கும்போதே உள்சட்டங்களோடு ரிவெட் அடித்து, பிறகுதான் விமானத்தில் பொருத்தியது. அதனால் அந்த உடல் வழவழப்புக்குப் பேர் போனது. ஆகவே தயங்காமல் தேய்த்துவிடுங்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் இறக்கையின் வளைவு பள்ளம் மேடாகிவிடும். பிறகு 600, 1000. உலர்ந்த தாளில் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், தண்ணீர் அவசியம். அந்தக் கால அச்சுகள் சிலவற்றில் விமானப்படையின் வட்டச் சின்னம் எங்கே ஒட்ட வேண்டும் என்று மெல்லிய கோடு வேறு போட்டிருப்பார்கள். அதுவும் இப்போதே போகட்டும். பெயின்டுக்கு அடியில் அது மறையாது.

கதவு, சுக்கான் பலகை போன்ற முக்கியக் கோடுகளை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். பெயர் அச்சிடும் தடித்த டைமோ டேப்பையோ, இரண்டு மூன்று அடுக்கு இன்சுலேஷன் டேப்பையோ ஸ்கேல்போல ஒட்டி, தையல் ஊசியைப் பேனா பிடியில் செருகி, எடை போடாமல் ஏழெட்டு முறை இழுங்கள். அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்க நினைத்தால் ஊசி தடம் மாறி ஓடிவிடும்.

இறக்கையின் பின்விளிம்பு தடித்திருக்கும். மேல் பாதி, கீழ் பாதி இரண்டையும் ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். ஒட்டிய பின் வெளியிலிருந்து தேய்த்தால் வளைவு கெடும்.

விமானி அறை என்று கிட்டில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சட்டத் துண்டுகளிலிருந்தே தரை, பின்தட்டு, இருக்கையின் தோள்பட்டை வார் செய்துவிடலாம். மருந்து அட்டையின் அலுமினியத் தாள் வாருக்கு நன்றாக இருக்கும். உள்ளே சாம்பல் கலந்த பச்சை, ஹம்ப்ரால் பெயின்டில் 78-ஆம் எண். தடித்த கண்ணாடி வழியே இதற்கு மேல் எதுவும் தெரியப்போவதில்லை. இந்த விமானம் வால் சக்கரத்தில் நிற்பது, அதனால் மூக்கில் எடை வைக்க வேண்டிய வேலையும் இல்லை.

பசைக்கு வருவோம். பெட்டியில் வரும் குழாய்ப் பசையைத் தூக்கிப் போடுங்கள். நூல் நூலாக இழுபடும், பிளாஸ்டிக்கைக் கரைத்துக் குழைத்துவிடும். தண்ணீர்போல் இருக்கும், மாடல் ஒட்டுவதற்கான திரவ சிமென்ட்தான் சரி. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ் நுனியை இடுக்கில் தொட்டால் தானே உள்ளே ஓடும். பத்து விநாடி கழித்து லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். அந்த வரப்புதான் இடைவெளியை அடைக்கும். துணி கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டு வையுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் தேய்க்கக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும். அது முழுசாக ஆவியாகும் முன் தேய்த்துச் சமன் செய்தால், இரண்டு வாரம் கழித்து பெயின்ட் அடித்த மாடலில் அதே இடம் சுருங்கி, இணைப்புக் கோடு பள்ளமாகத் திரும்ப வந்துவிடும்.

இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி வரும். உடனே புட்டியை அள்ளாதீர்கள். டிஃபையன்டின் இறக்கை நடுப்பகுதி தட்டையாகவும் வெளிப்பகுதி மேல்நோக்கி ஏறியும் இருக்கும். வெளிப்பகுதியின் ஏற்றம் போதாமல் இருந்தாலோ, உடலின் இரண்டு பாதிகளும் உள்நோக்கிக் குவிந்திருந்தாலோதான் இந்த இடைவெளி. உடலுக்குள் இறக்கை மட்டத்தில் ஒரு சட்டத் துண்டைக் குறுக்கே வைத்து ஒட்டி அகலப்படுத்துங்கள். இறக்கை நுனிகளை டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். பாதி இடைவெளி காணாமல் போகும். அரை மில்லிமீட்டருக்குள் மிச்சம் இருந்தால், சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே காட்டி, பளபளத்துத் தொய்யும்போது சுடரிலிருந்து விலக்கி, மெதுவாக இழுத்துக் கம்பியாக்குங்கள். அந்தக் கம்பியை இடுக்கில் படுக்க வைத்து திரவ சிமென்ட் தொட்டால் அது உடலோடு உடலாகக் கலந்துவிடும். அதே பிளாஸ்டிக் என்பதால் பின்னால் சுருங்காது, தேய்க்கும்போது ஒரே சீராகத் தேயும். பழைய அடையாள அட்டைத் துண்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். அது பி.வி.சி.; திரவ சிமென்டுக்குப் பிடிக்காது, ஃபெவிக்விக்தான் பிடிக்கும்.

பெரிய பள்ளங்களுக்கு எம்-சீல். இரண்டு கலவையையும் சம அளவு எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து அழுத்தி, இறுகுவதற்கு முன் காது குடையும் பட்ஸை ஈரமாக்கி வழித்துவிடுங்கள். இறுகிய எம்-சீல் பிளாஸ்டிக்கைவிடக் கடினம். அப்போது தேய்த்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேய்ந்து புட்டி மேடாக நிற்கும். ஊசிமுனைப் பள்ளங்களுக்குக் கார் பெயின்டர்கள் வைத்திருக்கும் என்.சி. புட்டி போதும், ஆனால் மெல்லிய பூச்சாக மட்டும். அதிலுள்ள தின்னர் பாலிஸ்டைரீனைத் தின்னும். தடிமனாக அப்பினால் இறக்கையே குழைந்து சுருங்கும்.

கூண்டும் கண்ணாடியும்தான் இந்த மாடலின் முகம். கிட்டில் வரும் கண்ணாடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு, அலையடித்து, உள்ளே இருப்பவர் தண்ணீருக்குள் இருப்பதுபோல் தெரியும். எளிய வழி, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் உள்ளும் புறமும் தேய்த்து, வெள்ளைப் பற்பசையை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு மெருகேற்றுவது. கீறல் போகும், தடிப்பு போகாது.

தடிப்பும் போக வேண்டும் என்றால் குடிநீர் பாட்டில் உதவும். கிட்டின் கண்ணாடிக்குள் தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, எம்-சீலை அழுத்தி நிரப்பி, ஓர் ஈர்க்குச்சித் தடிமன் மரக்குச்சியைச் செருகி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வார்ப்பு கழன்று வரும். அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள். வார்ப்பு கண்ணாடியின் உள் அளவில் இருக்கிறது. கிட் கண்ணாடியின் வெளி அளவைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சிறியது. பாட்டில் பிளாஸ்டிக் 0.3 மி.மீ. அளவுதான் சேர்க்கும். எனவே வார்ப்பின் மேல் புட்டியைப் பல பூச்சாகப் பூசித் தேய்த்து, 0.7 மி.மீ. ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, கண்ணாடி உடலில் உட்கார மறுக்கிறது என்று பலர் கைவிடுகிறார்கள். வார்ப்பின் அடியையும் ஒரு சென்டிமீட்டர் கூட்டி வையுங்கள், ஓரம் சுருளும் பகுதியைப் பிறகு வெட்டி எறியலாம். வழவழப்பாக ஆனதும், கோடில்லாத நேரான பாட்டிலிலிருந்து ஒரு வளையம் வெட்டி, அதற்குள் வார்ப்பையும், சந்து நிரம்ப ஒரு மரத்துண்டையும் வைத்து, ஹீட் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பாட்டில் இறுகி வார்ப்பைக் கவ்விக்கொள்ளும். ஒரே இடத்தில் காட்டினால் வெண்மை படியும். நாலு வளையம் வீணானாலும் ஐந்தாவது கண்ணாடிபோல் வரும். ஹீட் கன், பிளேடு வேலைகள் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

இந்த பாட்டில் பிளாஸ்டிக்குக்கும் திரவ சிமென்ட் பிடிக்காது. ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாக உறையும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். கண்ணாடியின் சட்டங்களைப் பிரஷ்ஷால் வரைய முயலாதீர்கள். செல்லோ டேப்பில் பெயின்ட் அடித்து, அரை மில்லிமீட்டர் நாடாக்களாக நறுக்கி ஒட்டினால் கோடு கத்திபோல் நேராக இருக்கும்.

கிட்டின் துப்பாக்கிக் குழாய்கள் மாட்டுவண்டி நுகத்தடிபோல் தடிமனாக இருக்கும். மருந்துக் கடையில் புதிய 26 கேஜ் ஊசி வாங்குங்கள். வெளி விட்டம் 0.46 மி.மீ.; இந்த அளவுக்கு அது சரியாகப் பொருந்தும், நுனியில் துளையும் தானே இருக்கும். இடுக்கியால் நறுக்கினால் குழாய் நசுங்கும். அரத்தின் விளிம்பால் சுற்றிலும் கீறி ஒடியுங்கள். கூர்நுனியை உடனே ஒரு மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.

கூண்டுக்கு முன்னும் பின்னும் முதுகில் மேடுபோல் இருப்பது சாதாரண உடல் அல்ல. கூண்டு சுழலும்போது துப்பாக்கிக்கு வழிவிட்டு அவை உள்ளே இறங்கும். இல்லாதபோது காற்று சீராக ஓட மேலே எழும்பி நிற்கும். கிட்டில் அவை எழும்பிய நிலையில் இருந்தால் கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்காதீர்கள், துப்பாக்கிகள் வால்பக்கம் பார்க்கட்டும். இன்னொன்று: முதுகில் கம்பம் வைத்தால் சொந்தக் குண்டே அறுத்துவிடும் என்பதால், இதன் ரேடியோ கம்பங்கள் வயிற்றுப் பக்கம் இருந்தன, தரையில் நிற்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும். பறக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, சக்கரத்தில் நிற்கும் மாடலின் வயிற்றில் கம்பம் ஒட்டுகிறார்கள். அது தவறு.

பெயின்ட்: 1940 கோடைக்கால 264 ஸ்குவாட்ரனுக்கு மேலே மண்பழுப்பும் கரும்பச்சையும், ஹம்ப்ரால் 29-உம் 30-உம். அடியில் வெளிர்ப்பச்சை சாயல் கொண்ட 'ஸ்கை', 90. டன்கர்க் நாள்களுக்கு என்றால் அடியில் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் மழைநாளில் லாக்கர் தெளிக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சில் படிந்து பால்போல் வெளுக்கும். எனாமல் நம் ஊர் ஈரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே இரண்டு நாளாகும். அவசரப்பட்டு டேப் ஒட்டினால் தடம் விழும்.

கடைசியாக ஒட்டுப்படம். மஞ்சள் பூத்த தாளை ஜிப் உறையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். நம் வெயிலுக்குச் சில நாளிலேயே வெளுக்கத் தொடங்கும், தினமும் பாருங்கள். பின்தாளின் மஞ்சளைப் பற்றிக் கவலை வேண்டாம், படலம் வெளுத்தால் சரி. பிறகு தேவையில்லாத ஒரு துண்டை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். சில்லு சில்லாக உடைந்தால் தாள் முழுக்க ஒரு பூச்சு நிறமற்ற கிளியர் வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகு தாள் முழுவதும் ஒரே படலமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டியாக வேண்டும். ஒட்டும் இடத்தில் பெயின்ட் பளபளப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளித்திட்டாகத் தெரியும்.

சிவப்பு நடுப்புள்ளி விலகி அச்சாகியிருந்தால் அந்த வட்டங்களை விட்டுவிட்டு வரைந்துகொள்ளுங்கள். உடலின் பக்கவாட்டு வட்டத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகியவற்றின் விட்டங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருக்கும். இறக்கையின் மேல்புறத்தில் சிவப்பும் நீலமும் மட்டும், 2-க்கு 5. காம்பஸில் பென்சிலுக்குப் பதில் பிளேடு நுனியைக் கட்டி மாஸ்கிங் டேப்பில் வட்டம் வெட்டலாம். பி.எஸ். எழுத்துகள் நடுத்தர சாம்பல் நிறம்.

டிஃபையன்டில் முழுசாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, என்1671, பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில். அது கறுப்பு பூசிய இரவு விமானம், 307-ஆம் போலிஷ் ஸ்குவாட்ரனுடையது. அதன் படங்களைப் பார்த்து வடிவத்தைச் சரிபார்க்கலாம், 264-இன் பகல் நிறத்துக்கு அதைப் பின்பற்ற வேண்டாம்.

ஆசிரியர் அவர்கள் விடுமுறை இணைப்பில் இடம் ஒதுக்கினால், 79-இன் ஹரிக்கேனுக்கும் 234-இன் ஸ்பிட்ஃபயருக்கும் இதேபோல் எழுதி அனுப்பக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் மாடல் கட்டும் வாசகர்கள் சிலர்,
சென்னை